லைக்கும் சுபாவமும்

ஒருவருடைய சுபாவத்தை அறிய அவரோடு பழகிப் பார்க்க வேண்டும் என்று நெடுங்காலமாக நாம் கொண்டிருந்த அபிப்பிராயத்தை, ஃபேஸ்புக்கில் அவர் லைக் போட்ட கணக்கே போதும் என்று சொல்லி 2015-இல் கலைத்துவிட்டார்கள், கேம்பிரிட்ஜ், ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைகளைச் சேர்ந்த வூ யூயூ, மிகால் கொசின்ஸ்கி, டேவிட் ஸ்டில்வெல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள். 10 லைக்குகளைப் பார்த்த கணிப்பொறி உடன் உத்தியோகம் பார்ப்பவரையும், 70-ஐப் பார்த்தது சிநேகிதரையும், 150-ஐப் பார்த்தது பெற்றோர், உடன்பிறந்தோரையும் மிஞ்சிவிட்டதாம். வாழ்க்கைத் துணையை மிஞ்சத்தான் ஏறக்குறைய 300 வேண்டியிருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. 2007-இல் ஸ்டில்வெல் தொடங்கிய ஒரு ஃபேஸ்புக் செயலியில் லட்சக்கணக்கானோர் மனமுவந்து வினாத்தாளை நிரப்பி, புதுமை நாட்டம், கடமையுணர்ச்சி, கலகலப்பு, இணக்கம், மனச்சஞ்சலம் என்னும் ஐந்து குணங்களில் தங்கள் அளவைத் தெரிந்துகொண்டார்கள்; அவர்களில் பலர் தம் பக்கத்து விவரங்களையும் ஆராய்ச்சிக்குத் தர, எந்தக் குணத்தார் எதை விரும்பினார்கள் என்று கணிப்பொறி கூட்டிப் பார்த்தது. நடனத்தையும் நாடகத்தையும் விரும்பியவர்கள் கலகலப்புக்காரர்களாகவும், ஜப்பானியச் சித்திரக் கதைகளை நாடியவர்கள் ஒதுங்கியிருப்பவர்களாகவும் தென்பட்டது எதிர்பார்க்கக் கூடியதே. 2013-இல் வந்த முந்திய ஆராய்ச்சியில், சுருள் சுருளாகப் பொரித்த உருளைக்கிழங்குக்கு லைக் போடுவது புத்திசாலித்தனத்தின் அடையாளங்களில் ஒன்றாக வந்து நின்றதுதான் வேடிக்கை. கிழங்குக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. புத்திசாலி ஒருவர் முதலில் லைக் போட்டிருப்பார், இனம் இனத்தோடு சேரும் என்றபடி அவருடைய சிநேகிதர்களும் தொடர்ந்திருப்பார்கள்.

ஆயினும் இந்த வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. கணிப்பொறியை அளந்த கோல், அந்த மனிதர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய விடைத்தாள். 1 என்றால் பூரணப் பொருத்தம் எனும் அளவில் இயந்திரம் பெற்றது 0.56, மனிதர்கள் பெற்றது 0.49. கணவர் தம்மைப் பற்றி எழுதியதோடு மனைவியின் மதிப்பீடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக, பிசகு மனைவியிடந்தான் என்று தீர்ப்புக் கூற நான் தயாரில்லை.

அரசியல் பிரசாரத்தார் இவ்வளவு யோசிக்கவில்லை. 2014-இல் அலெக்சாண்டர் கோகன் என்பவர் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரசார ஆலோசனைக் கம்பெனிக்காக இதே பாணியில் நடத்திய செயலியில் சேர்ந்தவர்கள் சுமார் 2,70,000 பேர். அக்காலத்து விதிப்படி சிநேகிதர்களின் விவரங்களும் கூடவே போனதால், 8.7 கோடிப் பேர் வரை அகப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் செயலியை ஏற்றுக்கொண்டவர்கள் 335 பேர். அவர்களையும் சேர்த்து, விவரம் வெளியே போயிருக்கக் கூடிய இந்தியர்கள் என்று அந்த நிறுவனம் சொன்ன கணக்கு 5,62,455.