மூழ்கிய கப்பலில் மாலுமிகளின் உடைமைகள்: மேரி ரோஸ் தரும் சான்றுகள்

எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் 1545 ஜூலை 19 அன்று சோலன்ட் நீரிணையில் மூழ்கியது. 1982-இல் அதன் உடற்பகுதி வெளிக்கொணரப்பட்டது. 1546-இல் மன்னருக்கு அளிக்கப்பெற்ற ஆந்தனி பட்டியற்சுருள் இக்கப்பலின் பீரங்கிகளையும் ஆள்தொகையையும் குறிக்கிறது; மாலுமிகளின் பெயர்களைக் குறிக்கவில்லை. அக்குறையை ஓரளவு ஈடுசெய்வன அவர்தம் உடைமைகளே.

காற்றுப்புகா வண்டல் மூடியதால் மரமும் தோலும் அழியாது எஞ்சின. பேன்களுடன் கிடைத்த மரச்சீப்புகள் உடல்தூய்மைப் பழக்கத்தையும், உணவுக்கலங்களில் கீறப்பட்ட குறிகள் உரிமையுணர்வையும் காட்டுகின்றன. ஆங்கிலத் திருச்சபை 1534-இல் ரோமிலிருந்து பிரிந்த பின்னரும் கப்பலில் செபமாலைகள் இருந்துள்ளன. அரசாணை மாலுமிகளின் வழிபாட்டுப் பழக்கத்தை உடனே மாற்றிவிடவில்லை என இதனால் கருதலாம்.

எனினும், கப்பல் சாய்ந்தபோது பொருள்கள் இடம்பெயர்ந்திருக்கக்கூடும். ஆதலின் தனித்துக் கிடந்தவற்றைவிடப் பெட்டிக்குள் ஒருசேரக் கிடைத்தவையே ஒரு மனிதரின் வாழ்வை அறிய வலுவான சான்றாகும்.