கீரிப்பாறையிலிருந்து இறுதிச்சுற்று வரை: இ-ஸ்போர்ட்ஸ் லீக் எப்படி நடக்கிறது?

நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாக மலையை நோக்கிப் போகும் சாலை கீரிப்பாறையைத் தொடும்போது இருபுறமும் ரப்பர் மரங்கள்தான். விடியுமுன் தொடங்கும் பால்வெட்டு, வெயில் ஏறும் நேரத்தில் ஓய்ந்துவிடும். இந்த ஊரிலும், காளிகேசம் போகும் வழியில் உள்ள குடியிருப்புகளிலும், மற்ற எல்லா ஊர்களையும் போலவே, நாலு பையன்கள் கூடினால் கையில் போன் இருக்கும். போனில் பெரும்பாலும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, சுருக்கமாக பிஜிஎம்ஐ, என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். "எந்நேரமும் கேம்தானா?" என்று வீட்டில் திட்டு விழும். அந்த நாலு பேரும் ஓர் அணியாகப் பதிவு செய்துகொண்டால், கோடி ரூபாய் பரிசுள்ள தேசியப் போட்டியின் முதல் சுற்றில் காசு கட்டாமலே ஆடலாம். இது திட்டுகிற பெரியவர்களுக்கும் தெரியாது. பல நேரம் ஆடுகிற பிள்ளைகளுக்கும் தெரியாது.

கேம் ஆடுவது வேறு, இ-ஸ்போர்ட்ஸ் வேறு. பொழுது போவதற்காக ஆடுவது கேம். விதிமுறை, நடுவர், புள்ளிப்பட்டியல், பார்வையாளர் எல்லாம் சேர்ந்து, ஆயிரக்கணக்கான அணிகளில் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு இ-ஸ்போர்ட்ஸ். அந்த ஏற்பாட்டுக்குத்தான் லீக் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஒரு சந்தாவில் தொடங்கிய கதை

1972 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்கலச் சண்டை ஆட்டத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். வென்றவருக்குப் பரிசு, 'ரோலிங் ஸ்டோன்' இதழின் ஓராண்டுச் சந்தா. 2000இல் தென்கொரியா இ-ஸ்போர்ட்ஸுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. குஜராத்தின் பூஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா, 'ஹார்த்ஸ்டோன்' என்ற சீட்டு ஆட்டத்தில் இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்தார். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஏழு இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கு முறையான பதக்கமே உண்டு. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், பன்முக விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக இ-ஸ்போர்ட்ஸை ஏற்று, அதை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது இந்திய அரசு. 2025 மே மாதம் பீகாரில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் அது காட்சிப் போட்டியாக நடந்தது.

ஏணியின் படிகள்

எந்த தேசிய லீக்கிலும் முதல் கேள்வி, லட்சம் பேரை எப்படிப் பதினாறாகச் சுருக்குவது என்பதுதான். பிஜிஎம்ஐயை வெளியிடும் கிராஃப்டன் நிறுவனம் 2021இல் நடத்திய முதல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா சீரிஸ்' இதற்கு நல்ல உதாரணம். பரிசுத்தொகை 1 கோடி ரூபாய். தகுதி விதிகளுக்கு உட்பட்ட எந்த அணியும் பதிவு செய்யலாம். பதிவு செய்த அணிகள் தத்தம் ஊரில் இருந்தபடியே 15 ஆட்டங்கள் ஆட வேண்டும். அவற்றில் சிறந்த 10 ஆட்டங்கள் கணக்கில் எடுக்கப்படும். ஐந்து ஆட்டங்களைக் கழித்துவிடும் இந்த விதி முக்கியமானது. நடுவில் கரண்ட் போகலாம், சிக்னல் விழலாம், நாலு பேரில் ஒருவருக்கு வேலை வரலாம். ஒரு நாள் சறுக்கினால் எல்லாம் போயிற்று என்ற நிலை வராது.

அந்தக் கூட்டத்திலிருந்து 1,024 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போயின. அங்கிருந்து சுற்றுச் சுற்றாக வடிகட்டி, கடைசியில் 16 அணிகள் இறுதிச்சுற்றில் நின்றன. 2022 ஜனவரியில் முடிந்த அந்தப் போட்டியில் ஸ்கைலைட்ஸ் கேமிங் அணி வென்றது.

கொன்றவனா, நின்றவனா?

பிஜிஎம்ஐ இறுதிச்சுற்றில் ஒரே நேரத்தில் 16 அணிகள், அணிக்கு நால்வர் என 64 பேர் ஒரே தீவில் இறங்குவார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவரின் உயிர் குறையும். கடைசி வரை நிற்கும் அணிக்கு ஆட்டம் சொந்தம். ஆனால் பட்டம் சொந்தமில்லை. அதைத் தீர்மானிப்பது புள்ளிக்கணக்கு.

இன்று பரவலாகப் பின்பற்றும் முறையில் முதலிடத்துக்கு 10 புள்ளி. அடுத்தடுத்த இடங்களுக்கு 6, 5, 4, 3, 2, 1, 1. ஒன்பதாம் இடத்திலிருந்து பூஜ்யம். இதோடு, எதிராளியை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் 1 புள்ளி. ஆட்டக்காரர்கள் அதை ஃபினிஷ் என்பார்கள். ஓர் அணி நாலு பேரை மட்டும் வீழ்த்தி முதலிடம் பிடிக்கிறது: 10 கூட்டல் 4, ஆக 14. இன்னோர் அணி ஐந்தாம் இடத்தில் வெளியேறுகிறது, ஆனால் 12 பேரை வீழ்த்தியிருக்கிறது: 3 கூட்டல் 12, ஆக 15. ஆட்டத்தில் தோற்ற அணி பட்டியலில் மேலே நிற்கிறது! புதருக்குள் படுத்துக் கிடந்தே ஜெயிக்க முடியாது, கண்மூடிப் பாய்ந்தும் ஜெயிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று வினாடிக்கு வினாடி முடிவெடுப்பவர் ஐஜிஎல், அதாவது களத்துக்குள் இருக்கும் கேப்டன். நல்ல ஐஜிஎல் வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும் என்று கணித்து, மற்றவர்கள் வருமுன் மேட்டையோ வீட்டையோ பிடித்து வைப்பார்.

வட்டம் எங்கே சுருங்கும் என்பதில் அதிர்ஷ்டமும் உண்டு. அதனால்தான் இறுதிச்சுற்றை ஒரே ஆட்டத்தில் முடிக்காமல், நாளுக்கு ஐந்தாறு ஆட்டம் என்று பல நாள் நடத்துகிறார்கள். புள்ளியியல் சொல்வது இது: ஆட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால், சராசரியில் அதிர்ஷ்டம் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் பாதியாகிவிடும்.

நாக்-அவுட்டின் குறை

எல்லா விளையாட்டிலும் 16 அணிகள் ஒன்றாக ஆட முடியாது. வேலோரண்ட், கவுண்டர் ஸ்டிரைக், டோட்டா 2 போன்றவற்றில் இரண்டு அணிகள்தான் மோதும். இங்கே குமரி மாவட்டத்து ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் வாலிபால் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பதினாறு அணிகள், தோற்றால் வீடு. 15 ஆட்டத்தில் எல்லாம் முடியும். ஆனால் குலுக்கலில் மிகச் சிறந்த அணியும் இரண்டாவது சிறந்த அணியும் முதல் சுற்றிலேயே மோதிவிட்டால்? கணக்குப் போட்டால், இரண்டாவது சிறந்த அணி தவறாமல் ஆடினாலும், அது இறுதிப்போட்டியை எட்ட 15இல் 8 பங்கு வாய்ப்புத்தான். எல்லோரும் எல்லோரோடும் மோதினால் இந்த அநியாயம் இருக்காது. ஆனால் 120 ஆட்டம் வேண்டும்.

இதற்கு நடுவழிகள் இரண்டு. ஒன்று இரட்டை வெளியேற்றம்: ஒருமுறை தோற்றவர் கீழ்ப் பட்டியலுக்கு இறங்குவார், அங்கும் தோற்றால்தான் வெளியே. 16 அணிகளுக்கு 30 அல்லது 31 ஆட்டம். மற்றொன்று சதுரங்கத்திலிருந்து வந்த சுவிஸ் முறை: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வெற்றி பெற்றவர்களை மோத விடுவார்கள். மூன்று வெற்றி பெற்றால் தேர்ச்சி, மூன்று தோல்வி என்றால் வெளியேற்றம். ஐந்து சுற்று, 33 ஆட்டத்தில் 16 அணி 8 ஆகிவிடும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டி 2023 முதல் இந்த முறையில் நடக்கிறது. சதுரங்கமே இப்போது இ-ஸ்போர்ட்ஸ் மேடைக்கு வந்துவிட்டது. 2025இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கில் சதுரங்கம் ஆடினார்கள். மேக்னஸ் கார்ல்சன் வென்றார்; நம் அர்ஜுன் எரிகைசி நான்காம் இடம்.

மலையடிவாரத்துப் பிங்

இனி கீரிப்பாறைக்கே வருவோம். ஆட்டத்தின் சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நேர்கோட்டில் தூரம் ஏறத்தாழ 1,300 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போய்த் திரும்ப 13 மில்லிவினாடி. இயற்கை விதிக்கும் வரம்பு இது. சர்வர் சிங்கப்பூரில் என்றால் 3,000 கி.மீ., குறைந்தது 30 மில்லிவினாடி. கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் பல சந்திப்புகளில் நின்று போகும் என்பதால் உண்மையில் இது சில மடங்கு கூடும். இந்தப் போய்வரும் நேரம்தான் பிங்.

மனிதன் ஒன்றைக் கண்டு கை அசைக்கவே 200 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது; பிங் ஐம்பது என்றால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ஆனால் எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒரே கணத்தில் விசையை அழுத்தும்போது, யாருடைய செய்தி முதலில் சர்வரை எட்டுகிறதோ அவர் பக்கம் முடிவு சாயும். இதைச் சரிசெய்ய, சுட்டவரின் திரையில் அந்தக் கணத்தில் என்ன தெரிந்தது என்று சர்வர் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் குண்டு பட்டுச் சாகிற அனுபவம் ஆடுகிற எல்லோருக்கும் உண்டு; அதற்குக் காரணம் இதுதான்.

நிலையான எண்பதைவிட மோசமானது, முப்பதுக்கும் முந்நூறுக்கும் துள்ளுகிற பிங். அடர்ந்த மரங்கள், அதிலும் மழையில் நனைந்த இலைகள், செல்பேசி அலையை உறிஞ்சிவிடும். மலை ஒரு வளைவில் சிக்னலைத் தரும், அடுத்த வளைவில் மறைக்கும். திறமையில் குறையில்லாத ஒரு கீரிப்பாறைப் பையன் சென்னைப் பையனிடம் தோற்பதற்கு இந்த ஒன்றே போதும். தீர்த் மேத்தா வென்ற சீட்டு ஆட்டமும், சதுரங்கமும் மாறிமாறி ஆடுபவை. அங்கே சிறு தாமதம் பெரிதாகக் காயப்படுத்தாது.

லேன் அரங்கம்

அதனால்தான் பெரிய போட்டிகளின் இறுதிச்சுற்றை ஒரே கூரையின்கீழ் நடத்துகிறார்கள். இதை லேன் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே வலைப்பின்னல், ஏறத்தாழ ஒரே பிங். கருவியில் ஏமாற்றுச் செயலி இருக்கிறதா என்று நடுவர்கள் சோதிப்பார்கள். 64 பேரில் யாருடைய பார்வையைத் திரையில் காட்டுவது என்று தேர்ந்தெடுக்க அப்சர்வர் என்று தனியாள். ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போக வர்ணனையாளர்கள்.

அரங்கில் உற்றுப் பார்த்தால் ஆட்டக்காரர்கள் போனை லேசாகச் சாய்த்துக்கொண்டே இருப்பது தெரியும். அது பதற்றமில்லை. போனுக்குள் ஜைரோஸ்கோப் என்ற சில்லு இருக்கிறது. அதில் மணலளவு சிலிக்கான் துண்டு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். போன் திரும்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும். விலகலை மின்தேக்கத்தின் மாற்றமாக அளந்து, எவ்வளவு திரும்பியது என்று போன் அறியும். துப்பாக்கி சுடும்போது மேலே எகிறும் குறியை, கட்டைவிரலை எடுக்காமல் மணிக்கட்டுச் சாய்வாலேயே கீழே இறக்குவது தேர்ந்த ஆட்டக்காரரின் கைவேலை. மாதக்கணக்கில் பழகினால்தான் வரும்.

ஆட்டம் யாருடையது?

கபடிக்கு உரிமையாளர் கிடையாது. இ-ஸ்போர்ட்ஸில் ஆட்டமே ஒரு நிறுவனத்தின் சொத்து; அது அனுமதித்தால்தான் லீக். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலுக்கு மத்திய அரசு தடை விதித்தபோது அதை நம்பியிருந்த அணிகள் ஒரே நாளில் களம் இழந்தன. அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. இடைப்பட்ட மாதங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் கேள்விக்குறியான காலம்.

லீக் நடத்துவதிலும் இரண்டு வழி உண்டு. திறந்த முறையில் யாரும் கீழிருந்து ஏறி வரலாம். உரிமை முறையில் அணிகள் பணம் கட்டி இடம் வாங்கும். 2018இல் தொடங்கிய ஓவர்வாட்ச் லீக் உரிமை முறையின் பெரிய சோதனை; அது 2023உடன் நின்றுவிட்டது.

சூதாட்டம் இல்லையா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆன்லைன் ரம்மியில் காசை இழந்த குடும்பங்களைத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருக்கிறது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. பந்தயம் கட்டி ஆடும் ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இ-ஸ்போர்ட்ஸில் நுழைவுக் கட்டணமும் பரிசுத்தொகையும் இருக்கலாம். ஆனால் முடிவின்மேல் யாரும் பணம் கட்டக் கூடாது. ஆகவே வீட்டில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: பிள்ளை பணம் வைத்து ஆடுகிறானா, போட்டி நடத்துபவர் யார், படிப்புக்கும் தூக்கத்துக்கும் நேரம் மிஞ்சுகிறதா. லட்சம் பேர் ஏறும் ஏணியில் சம்பளம் வாங்குகிறவர்கள் சிலரே என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் இதே கதைதான்.

ஒரு தேசிய லீக்கின் தரத்தைப் பரிசுத்தொகையை வைத்தும் அரங்க வெளிச்சத்தை வைத்தும் அளக்கிறார்கள். கீழ்ப்படியை வைத்து அளப்பதுதான் சரி. பதிவு இலவசம் என்பதால் மட்டும் வாசல் திறந்துவிடாது. பிங் சமமானால்தான் திறக்கும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணையம் கொண்டுபோகும் திட்டம் அரசிடம் இருக்கிறது. அந்த இழை வந்து சேரும் ஊர்களில் ஒரு கூடம், பத்துப் பதினாறு இருக்கை, பொறுப்பான ஒரு நடுவர் இருந்தால் கீரிப்பாறை இருக்கும் தோவாளை வட்டத்துக்கென்று ஒரு தகுதிச்சுற்றை இங்கேயே நடத்தலாம். வாலிபால் போட்டிக்கு வலை கட்டி, கோடு போட்டு, நடுவர் வைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இது புதிய வேலையே இல்லை. மன்றங்களும் பள்ளிகளும் முன்வந்து செய்ய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தகுதி இருக்கிறது.