பேட்ச் கோப்பில் பாதையைப் பிரித்தலும் மாற்றலும்

சென்ற ஆண்டு அடையாள அட்டைக்காக எடுத்த மாணவர் புகைப்படங்களை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் தந்தார். ஒவ்வொரு படத்துக்கும் ‘ஐஎம்ஜி_4127’ என்பதுபோல் பெயர். அதில் 4127 என்பது சேர்க்கை எண். அச்சகத்தாருக்கோ எண் மட்டும் போதும். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற உட்கார்ந்தால் இரண்டு பாடவேளை போய்விடும். விண்டோஸில் நோட்பேடைத் திறந்து கட்டளைகளை எழுதி, ‘.பேட்’ என்ற பின்னொட்டோடு சேமித்தால் கணினியே செய்துவிடும். (கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன்; தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகளே வேண்டும்.)

கோப்புறையில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது ‘ஃபார்’ என்ற சுழற்சிக் கட்டளை: ஃபார் %%ஐ இன் (*.ஜேபிஜி) டூ. ‘ஐ’ என்பது அந்தந்தச் சுற்றில் கையில் இருக்கும் கோப்பு. பேட்ச் கோப்பில் % குறி இரண்டு வேண்டும். கட்டளைச் சாளரத்தில் நேரடியாகத் தட்டச்சிட்டால் ஒன்றே போதும்.

முழுப் பாதை ‘டி:\படங்கள்\ஆறாம் வகுப்பு\ஐஎம்ஜி_4127.ஜேபிஜி’ என்று வைத்துக்கொள்வோம். %% குறிகளுக்கும் ‘ஐ’க்கும் நடுவே ~ குறியும் ஓர் எழுத்தும் சேர்த்தால் வேண்டிய துண்டு மட்டும் கிடைக்கும். ‘டி’ சேர்த்தால் இயக்ககம், ‘பி’ சேர்த்தால் கோப்புறைப் பாதை, ‘என்’ சேர்த்தால் பெயர், ‘எக்ஸ்’ சேர்த்தால் புள்ளியோடு பின்னொட்டு. ‘டிபி’ என்று இரண்டையும் சேர்த்தும் கேட்கலாம். அந்தப் பாதை \ குறியோடுதான் முடியும். நாம் இன்னொன்று போட வேண்டாம். ‘ஆறாம் வகுப்பு’ என்பதில் இடைவெளி இருக்கிறது அல்லவா? பாதையை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் கணினி அதை இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

பெயரிலிருந்து ‘ஐஎம்ஜி_’ என்பதை நீக்குவது அடுத்த வேலை. சுழற்சியின் ‘ஐ’யில் நேரடியாக மாற்றீடு செய்ய முடியாது. ‘செட்’ கட்டளையால் பெயரை ஒரு மாறியில் போட்டுக்கொண்டு, %பெயர்:ஐஎம்ஜி_=% என்று கேட்க வேண்டும். சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது போய், வலப்பக்கம் இருப்பது வரும். இங்கே வலப்பக்கம் வெறுமை.

நான் சறுக்கியதும் இங்கேதான். கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஆறாம் வகுப்புக்கு ஓட்டினேன். உருப்படியான பெயரில்லாத ஒரே ஒரு கோப்பு வந்தது. என்னவோ பிசகு என்று நினைத்து, அதே சாளரத்தில் ஏழாம் வகுப்புக்கு ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் ஒரே கோப்பு. ஆனால் இம்முறை நல்ல பெயர்: ஆறாம் வகுப்பின் கடைசி மாணவியின் சேர்க்கை எண். திறந்தால் ஏழாம் வகுப்புப் பையன் சிரிக்கிறான்! பார்க்காமல் அனுப்பியிருந்தால் அந்தச் சிறுமியின் அட்டையில் அவன் முகம்தான் அச்சாகியிருக்கும்.

காரணம் இது. அடைப்புக்குறிக்குள் உள்ள சுழற்சி முழுவதையும் கணினி ஓட்டுவதற்கு முன்பே படித்து, % குறிக்குள் உள்ள மாறிகளுக்கு அப்போதைய மதிப்பை ஒரே முறை நிரப்பிவிடுகிறது. வினாத்தாள் அச்சான பிறகு கரும்பலகையில் எழுதும் திருத்தம் தாளில் ஏறாது அல்லவா, அதுபோல. முதல் ஓட்டத்தில் மாறி காலி. இரண்டாம் ஓட்டத்தில், முந்தைய ஓட்டம் விட்டுச்சென்ற கடைசிப் பெயர். எல்லாப் படங்களும் அந்த ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பேட்ச் கோப்புக்குள் ‘காப்பி’ கட்டளை, மேலெழுதட்டுமா என்று கேட்பதும் இல்லை.

தீர்வு சுலபம். கோப்பின் தொடக்கத்தில் ‘செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன்’ என்ற வரி. சுழற்சிக்குள் மாறியின் இருபுறமும் % குறிக்குப் பதிலாக! குறி. அதாவது !பெயர்:ஐஎம்ஜி_=!. இனி ஒவ்வொரு சுற்றிலும் புது மதிப்பு வரும். மாறியும் அடுத்த ஓட்டத்துக்கு மிச்சம் நிற்காது. ஒரே சங்கடம், கோப்பின் பெயரிலேயே ! இருந்தால் அது காணாமல் போகும். சேர்க்கை எண்களில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். முதலில் ‘காப்பி’க்கு முன் ‘எக்கோ’ என்று எழுதி ஓட்டுவேன். எதுவும் நகலாகாது, என்ன செய்யப்போகிறது என்பது மட்டும் திரையில் வரும். நான்கைந்து வரிகளை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ‘எக்கோ’வை நீக்குவேன். பெயர் மாற்றும் ‘ரென்’ கட்டளையை இதற்குப் பயன்படுத்துவதே இல்லை. தனிக் கோப்புறைக்கு நகல் எடுத்ததால்தான் அன்று ஸ்டுடியோவின் மூலப் படங்கள் அப்படியே இருந்தன. மதிய இடைவேளைக்குள் வேலை முடிந்தது.