ஆறு மாத அமெரிக்கா ஆல்பத்துக்குள்

மயிலாப்பூரிலும் அடையாறிலும் பல வீடுகளில் அமெரிக்கா என்பது ஆறு மாதக் கணக்கு. மகளின் பிரசவத்துக்கும் பேரனைப் பார்த்துக்கொள்ளவும் போகிறவர்களுக்கு விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் அவ்வளவு நாள்தான் தங்க முடியும். திரும்பி வந்ததும் சொந்தக்காரர்களுக்கு முதலில் காட்டுவது நயாகரா. அந்த அருவி எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் விழுந்தாயிற்று.

ஆல்பத்துக்கு உரியவை வேறு படங்கள். பேரன் மஞ்சள் பள்ளிப் பேருந்துக்காகக் காத்து நின்ற தெருமுனை. நன்றி சொல்லும் நாளில் பக்கத்து வீட்டு அம்மாள் சுட்டுக் கொண்டுவந்த பூசணிப் பண்டம். ஹாலோவீனுக்கு வாசற்படியில் கண், மூக்கு, வாய் செதுக்கி வைத்த பூசணிக்காய். அதன் பக்கத்திலேயே, தி. நகர் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய பூசணிக்காயின் படத்தை ஒட்டிப் பாருங்கள். இரண்டும் முறைக்கின்றன!

இப்படித் தேடிச் சேர்ப்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போன கப்பலில், காந்தியைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. உலகெங்கும் தேடி, சுமார் 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டார். அதே கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா, புத்தகங்களோடு அழைப்பிதழ், துண்டு நோட்டீஸ் வரை பத்திரப்படுத்தினார். அவரது சேகரிப்பைக் கொண்டு 1994-இல் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. மற்றவர்கள் கசக்கிப் போடும் காகிதத்தில்தான் ஒரு காலத்தின் வீட்டு வாழ்க்கை தங்குகிறது. பேரன் கிறுக்கிய படம், காய்கறிக்கடை பில், பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஆல்பத்தில் இடம் உண்டு.

பில்லை மட்டும் அப்படியே ஒட்டக்கூடாது. அது பெரும்பாலும் சூட்டில் எழுத்து விழும் தாள். சில வருடங்களில் வெளுத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசை தடவிய பக்கத்தில் படத்தை அமுக்கும் ஆல்பங்களையும் தவிர்க்க வேண்டும். அந்தப் பசை நாளாக ஆக மஞ்சளித்து இறுகும். பிரித்தால் படம் கிழியும். தாத்தா காலத்துக் கறுப்புத் தாள் ஆல்பத்தில் நான்கு மூலைக்கும் சின்ன முக்கோணம் ஒட்டி, அதில் படத்தைச் செருகுவார்கள். அந்த வழி நல்ல வழி. வேண்டும்போது படத்தை வெளியே எடுக்கலாம். தாள் அமிலம் இல்லாததாக இருந்தால் போதும். சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய பரணில் போடாமல், காற்றோட்டமான உள் அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது உத்தமம்.

பக்கத்து வீட்டுக் குழந்தைகள் படத்தில் இருந்தால், எடுக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது முறை. ஒரு பிரதி அவர்களுக்கும் அனுப்பலாம். மறக்காமல் படத்துக்குக் கீழே ஊர், தேதி, நிற்பவர்களின் பெயர், அன்று அந்த வீட்டில் என்ன சமையல் என்று பாட்டியே தன் கையெழுத்தில் எழுதட்டும். பேரனுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டலாம்.