போகி நெருப்பில் எரிவது எது?

மார்கழி மாதத்தின் கடைசி நாள். பொழுது புலருமுன்பே வாசலிலும் புழக்கடையிலும் கிழிந்த பாய், பழைய முறம், தேய்ந்த துடைப்பம் முதலியவற்றைக் குவித்துக் கொளுத்துகிறோம். சிறுவர்கள் போகி மேளம் கொட்டுகிறார்கள். அந்நெருப்பில் எரிவது எது என்று கேட்டால், விறகும் பாயும்தான் என்று விடை கூறுவீர்கள். அது பாதி உண்மையே.

எரியும் கட்டையை உற்று நோக்குங்கள். சுவாலை, கட்டையைத் தொட்டும் தொடாமலும் சற்று விலகி நிற்பதைக் காணலாம். மரம் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடுகிறது. அவ்வாயுக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி எரிவதே சுவாலை. எஞ்சிய கரி பின்னர்ச் சுவாலையின்றித் தணலாகக் கனல்கிறது.

அவ்வாயுக்கள் முற்றிலும் எரியுமுன் குளிர்ந்துவிட்டால் புகை உண்டாகிறது. ஈர விறகு புகைவது இதனால்தான். 1 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். அதை நெருப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். பனியில் நனைந்த பாயை அப்படியே போடுவதைவிட, முதல் நாள் வெயிலில் உலர்த்தி வைப்பது மேல். குவியலும் சிறிதாக, காற்றுப் புகும்படி இருக்கட்டும். காற்றுப் போதாவிடில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக உண்டாகும். எனவே தணல் சட்டியைக் குளிர்காய வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது.

பகலில் புகை மேலெழுந்து கலைந்துவிடும். மார்கழி விடியலில் அவ்வாறு நிகழ்வதில்லை. இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்வதால் அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. மேலே வெப்பமான காற்று மூடிபோல் நிற்கிறது. இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர். மூடிக்குக் கீழே புகையும் பனியும் தேங்கிவிடும். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அன்றைய காலை எப்படி இருந்திருக்கும்!

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பதால், அது எரிகையில் கரும்புகையோடு சல்பர் டையாக்சைடும் வரும். பி.வி.சி. குழாயின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்பட்டு, மூச்சுக்குழாயின் ஈரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. பழையன கழிதல் என்பது இவற்றை நுரையீரலுக்குள் புகுத்துவதன்று.

நெருப்பு மந்தமானால் சிலர் தணலில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். ஊற்றிய எண்ணெய் உடனே பற்றாமல் முதலில் ஆவியாகப் பரவக்கூடும்; பற்றும்போது அவ்வளவும் ஒரே நொடியில் பற்றி, ஊற்றியவரின் கையை நோக்கி வரும். பெட்ரோலோ இன்னும் கொடியது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து, தூரத்திலுள்ள நெருப்பையும் எட்டிவிடும். மூங்கிலைப் போடுவதானால் பிளந்து போடுங்கள். இரு கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து, குழல் வெடித்துத் தணலைச் சிதறடிக்கும். மூடிய டப்பாக்களும் பாட்டரிகளும் அத்தகையனவே.

நெருப்பின் அருகில் நிற்கும்போது முகம் சுட, முதுகு குளிர்வதை உணர்ந்திருப்பீர்கள். சூடான காற்று நேர் மேலே போய்விடுகிறது. நம்மை எட்டுவது பெரும்பாலும் கதிர்வீச்சுதான். தொலைவு கூடக்கூட அது விரைவாகக் குறையும். இரண்டடி பின்னால் நகர்ந்தாலே வேறுபாடு தெரியும். பாவாடை, தாவணி, லுங்கி போன்ற தொங்கும் உடைகளோடு நெருங்கிச் செல்லலாகாது. பருத்தி எரியும், நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். தீப்புண் பட்டால் இங்க்கையோ பற்பசையையோ தடவாமல், ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடைசியில் பலரும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே தணலின் சூட்டை அது போர்வைபோல் காத்து வைக்கிறது. மேலே பார்த்தால் வெறும் மண். சுவாலையோ புகையோ இல்லை. பல மணி நேரம் சென்ற பின்னும் வெறுங்காலோடு விளையாட வரும் குழந்தை அதில் கால் வைக்கலாம். நீர் தெளித்து, கோலால் கிளறி, மீண்டும் தெளியுங்கள். ‘உஸ்’ என்ற ஓசை நின்ற பிறகு, புறங்கையைச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் சரி. மரமும் ஓலையும் மட்டுமே எரித்திருந்தால், ஆறிய அச்சாம்பலில் பொட்டாசியம் உண்டு; சிறிதளவு வாழைக்கு இடலாம்.