நிற்கும் கால்களும் சுருளும் சிரைகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நம் பக்கத்துப் பெண்கள் ‘காலில் நரம்பு சுருட்டிக்கிட்டு’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து, மண்புழுபோல் நெளிந்து கிடக்கும் அவை நரம்புகளே அல்ல, சிரைகள். உயிர்வளி குறைந்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்கள். பெயர் தவறினால் வைத்தியமும் தவறிவிடுகிறது. நரம்பு என்று எண்ணித்தான் பலர் தைலம் போட்டு நீவுகிறார்கள். நரம்புக்கு டானிக் வாங்கிக் குடிக்கிறார்கள். மருத்துவர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்பர். தமிழில் சுருள்சிரை எனலாம். இவை 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்திருக்கும். தோலுக்கடியில் சிவப்பும் ஊதாவுமாகச் சிலந்தி வலைபோல் படர்பவை சிலந்திச் சிரைகள். அவை 1 மில்லிமீட்டருக்கும் மெல்லியவை; பெரும்பாலும் தீங்கு செய்யாதவை.

இவை ஏன் காலிலேயே வருகின்றன? நிற்கும்போது இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே சுமார் நான்கடி உயரம். மணிமுத்தாறு அணையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நீர்மட்டம் 118 அடியைத் தொட்டு அணை நிறைந்திருக்கையில், அலை தட்டும் மேற்பகுதியைவிட அடிப்பகுதியில்தான் நீரின் அழுத்தம் மிகுதி. அசையாமல் நிற்பவரின் பாதச் சிரைகளிலும் அவ்வாறே அழுத்தம் ஏறுகிறது. சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. அவர் நடக்கத் தொடங்கியதும் அது 30 அளவுக்கு இறங்கிவிடுகிறது! கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் திரும்ப இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் கதவுபோல் மூடிக்கொள்கின்றன.

இவ்வால்வுகளைப் பற்றி இத்தாலியில் பாப்ரிசியஸ் என்பவர் 1603இல் நூல் வெளியிட்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட தம் நூலில், மேற்கையில் கட்டுப் போட்டுப் புடைத்த சிரையை விரலால் நீவி, இரத்தம் இதயத்தை நோக்கித்தான் ஓடும் என்று காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு கைக்குட்டை போதும்.

வால்வு சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே தேங்குகிறது. சிரை விரிகிறது, விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் இன்னும் விலகுகின்றன. இப்படியே நோய் வளர்கிறது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் மக்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். வயது, உடற்பருமன் இவற்றுக்கும் பங்கு உண்டு. பெண்களுக்குக் கூடுதலாக ஒரு காரணம் கருப்பேறு. அப்போது உடலில் இரத்தத்தின் அளவு கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சிரையின் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பேறு கூடக்கூட நிலைத்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது.

இனி வேலைக்கு வருவோம். நடவு வயலில் நிற்கும் பெண்கூட அடி அடியாக நகர்கிறாள். ஜவுளிக்கடைப் பெண்ணோ மேசைக்குப் பின்னால் இரண்டடி இடத்தில் பகல் முழுதும் நிற்கிறாள். அவளுக்குக் கெண்டைக்கால் என்னும் அந்த இறைப்பான் ஓடுவதே இல்லை. முறம் நிறைய இலையும் தூளும் வைத்துக்கொண்டு, மடக்கிய காலை நீட்டாமல் பீடி சுற்றும் நம் ஊர்ப் பெண்களுக்கும் அது ஓடுவதில்லை. ஆகவே நிற்பதைவிட அசையாதிருப்பதே பெரிய பகை என்பது என் கருத்து.

என் அக்கா ஒரு ஜவுளிக்கடையில் ஏழாண்டுகளாக வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கட்டணம் அவள் சம்பளம். இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து செருப்பைக் கழற்றினால் கணுக்காலில் வார் பதிந்த தடம் குழியாக இருக்கும். “வாயு ஏறிட்டுட்டி, தைலம் தேச்சா சரியாப் போவும்” என்பாள். இப்போது கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்து அரிக்கிறது. தேங்கிய இரத்தத்தின் சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிவதால் வரும் கறுப்பு அது. அடுத்த கட்டம் எளிதில் ஆறாத புண்.

கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியே, விஜி என்பவரின் முன்னணியில், உட்காரும் உரிமை கேட்டுப் போராடினர். 2018இல் அங்குச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, பின் சட்டமாயிற்று. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. அக்காவின் கடையிலும் நாற்காலிகள் உண்டு. அவை புடவை பார்க்க வருவோருக்கு!

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? நின்றபடியே குதிகாலை உயர்த்தி இறக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை இருபது தடவை செய்ய யார் அனுமதியும் வேண்டாம். வீட்டில் கால்மணி நேரம் படுத்து, கால்களை இதய மட்டத்துக்கு மேலே தலையணைமீது வைக்கலாம். நாள்தோறும் நடக்கலாம். அழுத்தக் காலுறையை மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்கி, காலையில் வீக்கம் ஏறுமுன் மாட்ட வேண்டும். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் அது தொல்லைதான். ஆயினும் பயன் உண்டு. பாதத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், குறிப்பாக நீரிழிவுக்காரர்கள், மருத்துவரைக் கேளாமல் அணியக் கூடாது. இவை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். சுருண்ட சிரையை நேராக்கா. களிம்புகளும் நேராக்கா.

தோல் கறுத்தாலோ புண் வந்தாலோ அரசு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டி, டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. பழுதான சிரையை லேசராலோ ரேடியோ அலை வெப்பத்தாலோ உள்ளிருந்தே அடைத்துவிடும் முறைகள் இப்போது உள்ளன. சிலந்திச் சிரைக்கு ஊசிமருந்து போதும். ‘ஒரு சிரையை அடைத்தால் இரத்தம் எங்கே போகும்?’ என்று அக்கா கேட்டாள். ஆழ்சிரைகள் நன்றாக இருந்தால் அவையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால் உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலை யாரும் நீவக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.