கடைசி மருந்தைத் தின்ற கோழி! பண்ணைக் கிருமி மனிதனுக்குத் தாவிய கதை

சென்னை: ஞாயிற்றுக்கிழமை காலை எந்தத் தெருவுக்குப் போனாலும் கோழிக்கடை வாசலில் கூட்டம்தான். “லெக் பீஸா பார்த்துப் போடு பாய்!” என்று கேட்டு வாங்குகிறோம். அந்தக் கோழி எதைத் தின்று கொழுத்தது என்று கேட்கிறோமா?

எந்த ஊசிக்கும் கிருமி மசியாதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று ‘கோலிஸ்டின்’. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் மூட்டை கட்டி வைத்த மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள்.

அதையே கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து போட்டார்கள்! நோய்க்காக மட்டுமல்ல, மளமளவென்று எடை ஏறவும்தான்!

கிருமிக்குப் பயிற்சி

கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே போனால் என்ன ஆகும்? குடலில் நோஞ்சான் கிருமி சாகும். தாக்குப்பிடித்தது பெருகும்.

2015-ல் சீன விஞ்ஞானிகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ‘ஈ.கோலை’ என்ற குடல் கிருமியில் ‘எம்.சி.ஆர்-1’ என்ற மரபணு. அது இருந்தால் கோலிஸ்டின் பலிக்காது. பன்றியிடம் இருந்தது. கடையில் விற்ற பச்சை இறைச்சியில் இருந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் இருந்தது!

இன்னொரு வில்லங்கம்: அந்த மரபணு ‘பிளாஸ்மிட்’ என்ற குட்டி வளையத்தில் இருக்கிறது. பரீட்சை ஹாலில் பிட் கைமாறுகிற மாதிரி, ஒரு கிருமி அதைக் காப்பி எடுத்து அடுத்த கிருமிக்குக் கொடுத்துவிடும். வாங்குவது வேறு ஜாதிக் கிருமியாகக் கூட இருக்கலாம்!

தடை வந்தது

கண்டபடி ஆன்டிபயாடிக் கொடுப்பதற்குக் கடிவாளம் போடச் சொல்லி, 2012-லேயே டாக்டர்கள் இங்கே கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டார்கள். எடை கூட்டக் கோலிஸ்டின் கலப்பதை 2017-ல் சீனா நிறுத்தியது. அதற்குப் பிறகு பன்றியிடமும் மனிதரிடமும் அந்த மரபணு குறைந்தது. 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகமும், உணவுக்கு வளர்க்கும் பிராணிகள், கோழி, மீன் பண்ணைகளுக்கு இந்த மருந்தைத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது.

வீட்டில் கவனம்

கோழிக்கறியை விட வேண்டாம். நன்றாக வெந்தால் கிருமி காலி. ஆபத்து பச்சைக் கறியில்தான். கறி வெட்டிய கத்தி, பலகையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கவும் வேண்டாம். பண்ணையில் கிருமிக்குக் கொடுத்த பயிற்சியை, நம்ம வயிற்றிலேயே கொடுப்பானேன்?